இழவு வீட்டில் கூலி கேட்கலாமா?

கீழவாஞ்சூர் என்றால் பலருக்கும் இரண்டே விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, நாகூரைத் தாண்டி வடக்கே போனதும் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கும் மதுக்கடைகள். இரண்டாவது, அதே ஊர்க் கடற்கரையில் 2009 முதல் கப்பல் வந்து போகிற காரைக்கால் துறைமுகம். இந்தக் கட்டுரைக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் பேசப்போவது குடியைப் பற்றியும் இல்லை, கப்பலைப் பற்றியும் இல்லை. முதலாளி செத்துப்போய்விட்டால் வேலை பார்த்தவன் தன் சம்பளத்தை யாரிடம் கேட்பது என்பதைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். சம்பளம் வாங்கி வீடு நடத்துகிறவர்களுக்கு இது சிரிப்பான கேள்வி இல்லை.

ஒரு கற்பனை உதாரணம். எல்லை ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டல். முதலாளி ஒருத்தர்தான், கூட்டாளி கிடையாது. பரோட்டா மாஸ்டர், இரண்டு சப்ளையர்கள், பாத்திரம் கழுவ ஓர் அம்மா, கல்லாவில் முதலாளி. மாஸ்டருக்கு இரண்டரை மாதச் சம்பளம் பாக்கி. "சீசன் முடியட்டும், மொத்தமா வாங்கிக்க" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பால்காரருக்கு பாக்கி, கோழிக்கடைக்கு பாக்கி, ஐஸ் போடுகிறவருக்கு பாக்கி. எல்லாம் வாய்க்கணக்கு, கொஞ்சம் சிட்டைக் கணக்கு. ஒரு நாள் விடியற்காலையில் முதலாளிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். பந்தல் போடுவது, நாற்காலி எடுப்பது, வந்தவர்களுக்கு டீ கொடுப்பது என்று முன்னால் நிற்பது அதே மாஸ்டரும் சப்ளையர்களும்தான். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. கடை திறக்கிறது. அதே பெயர்ப்பலகை, அதே அடுப்பு, அதே கல்லா. கல்லாவில் முதலாளியின் மச்சான். மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். "அண்ணே, எனக்கு ரெண்டரை மாசம் வரணும்..."

"அதெல்லாம் அவரு வச்சிருந்த கணக்கு தம்பி. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புதுசா இன்னையிலேர்ந்து கணக்கு போட்டுக்குவோம்."

அவ்வளவுதான். கதை முடிந்தது. நாலு பேரிடம் சொன்னால் அவர்களும் என்ன சொல்வார்கள்? "இழவு வீட்ல போயி காசு கேக்குறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

இங்கேதான் கோபம் வருகிறது. யாருக்கு மனசாட்சி இல்லை? வேலை பார்த்த கூலியைக் கேட்டவனுக்கா? வேலை வாங்கியவரின் கடையை எடுத்துக்கொண்டு, கூலியை மட்டும் அவரோடு சேர்த்துக் கொளுத்திவிட்டவர்களுக்கா?

கடை செத்தவரோடதா, கடன் மட்டும் செத்தவரோடதா?

பி.காம். படிக்கிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு பாடம் வரும். வியாபாரம் வேறு, முதலாளி வேறு என்று வைத்துத்தான் கணக்கு எழுத வேண்டும் என்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. சட்டத்துக்கு அது செல்லாது. ஒருவரே நடத்துகிற கடைக்குத் தனி உயிர் கிடையாது. பலகையில் 'ஏஜென்சீஸ்' என்று இருக்கலாம், 'டிரேடர்ஸ்' என்று இருக்கலாம், 'எண்டர்பிரைசஸ்' என்று ஆறடி உயரத்துக்கு எழுதியிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கடை என்பது அந்த ஆள்தான். கடையின் பாக்கி அவருடைய சொந்தக் கடன்.

அப்படியானால் ஆள் போனதும் கடனும் போய்விடுமா? போகாது. அவர் விட்டுப்போன சொத்தின் மேல் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். சொத்து யார் கைக்குப் போகிறதோ, அவர் அந்தச் சொத்தின் அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 ஆகிய பிரிவுகள் சொல்வது இதைத்தான். இதில் 52-ஆம் பிரிவுக்கு ஒரு பல் உண்டு. இறந்தவர் சொத்து கைக்கு வந்தது, ஆனால் அதை முறையாக என்ன செய்தோம் என்று வாரிசால் கணக்குக் காட்ட முடியவில்லை என்றால், அந்த அளவுக்கு அவருடைய சொந்தச் சொத்தின் மேலேயே தீர்ப்பை நிறைவேற்றலாம்.

"நான் வாரிசே இல்லை, சும்மா கடையைப் பார்த்துக்கிறேன்" என்கிற மச்சானுக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 2(11) பிரிவு 'சட்டப் பிரதிநிதி' என்று சொல்லும்போது, இறந்தவரின் சொத்தில் கை வைத்துக் கையாளுகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்தால் கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செத்தவருக்கு வரவேண்டிய பணம் விஷயத்தில் யாருக்கும் ஞாபக மறதி வருவதில்லை. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற நோட்டு எப்படியோ கிடைத்துவிடும். அதை வசூல் செய்ய நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் அலைந்து வாங்குவார்கள். பேங்க் பாஸ்புக் கிடைக்கும், சீட்டுப் பணம் கட்டிய அட்டை கிடைக்கும். கொடுக்க வேண்டிய கணக்கு எழுதிய நோட்டு மட்டும் எந்த வீட்டிலும் கிடைப்பதில்லை. வரவுப் பக்கத்துக்கு வாரிசு உண்டு, பற்றுப் பக்கம் அநாதை!

வரிசையில் கூலிக்காரன் எங்கே நிற்கிறான்?

"சரி, கடன் இருக்கட்டும், பேங்க் லோன் இருக்கு, வட்டிக்காரர் இருக்கார், உனக்கெல்லாம் கடைசியில்தான்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ஐக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இறந்தவர் சொத்தை நிர்வகிக்கிறவர் எந்த வரிசையில் பணம் கொடுக்க வேண்டும் என்று 320 முதல் 323 வரை உள்ள பிரிவுகள் சொல்கின்றன. முதலில் நியாயமான இறுதிச் சடங்குச் செலவும் கடைசிக் கால வைத்தியச் செலவும். அடுத்து நீதிமன்ற நடைமுறைச் செலவு. அதற்கு அடுத்தது என்ன தெரியுமா? சாவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் இறந்தவருக்காக வேலை பார்த்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலி. அதற்குப் பிறகுதான் மற்ற கடன்கள். கடனெல்லாம் கொடுத்து மீதி இருந்தால்தான் பங்கு பிரிப்பது.

பரோட்டா மாஸ்டரின் இரண்டரை மாதச் சம்பளம் அந்த மூன்று மாதத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது. சுடுகாட்டுச் செலவுக்குப் பின்னால் நின்றாலும், சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் நிற்கிறான் அவன். (அடமானம் எழுதி வாங்கிக்கொண்ட பேங்க் அந்த அடமானச் சொத்தை மட்டும் தன் வழியில் பிடித்துக்கொள்ளும். அது தனிக்கதை.)

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தானே என்று ஒதுக்குகிறவர்களுக்குக் காரைக்காலில் இன்னொரு வெள்ளைக்காரன் சட்டமும் இருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை இந்த மண் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படி முழுதாக இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். 1881-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றைக்கும் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நெப்போலியன் காலத்தில், 1804-ல் வந்த அந்த பிரெஞ்சு சிவில் சட்டம் கடன் வரிசையை எப்படி வைத்தது? இறந்தவரின் அசையும் சொத்திலிருந்து முதலில் நீதிமன்றச் செலவு, பிறகு இறுதிச் சடங்கு, பிறகு கடைசி நோய்ச் செலவு, அதற்கு அடுத்து வேலைக்காரர்களின் சம்பளம். அதுவும் மூன்று மாதம் இல்லை. முடிந்த ஒரு வருடமும், நடக்கிற வருடத்தில் பாக்கி உள்ளதும். அது மட்டுமா? அந்தச் சட்டத்தில் வாரிசு முன்கூட்டியே முடிவு சொல்ல வேண்டும். சொத்துப் பட்டியல் எடுத்து அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பேற்கலாம். வேண்டாம் என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு விலகலாம். எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டால் கடன் முழுவதும் தலைமேல்.

இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எதில்தான் ஒத்துப்போனார்கள்? ஆனால் பிணத்தை அடக்கம் செய்த கையோடு வேலைக்காரன் கூலியைக் கொடு என்பதில் இரண்டு பேரின் புத்தகமும் ஒரே குரலில் பேசுகிறது. கீழவாஞ்சூர் கல்லாவில் உட்கார்ந்த மச்சானுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

பழைய இந்து தர்மம் இன்னும் ஒரு படி மேலே போனது. அப்பன் சொத்து விட்டுப்போகாவிட்டாலும் மகன் கடனை அடைக்க வேண்டும், அது அவன் புண்ணியக் கடமை என்றது. குடி, சூது மாதிரி தகாத வழியில் வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு. பிற்காலத்தில் நீதிமன்றங்கள் அதைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் அளவுக்குச் சுருக்கின. 2005-ல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அந்தப் புண்ணியக் கடமையை மட்டும் காரணமாக வைத்து மகன், பேரன் மேல் புதிதாகக் கடன் வழக்குப் போட முடியாது என்று ஆக்கிவிட்டது. நல்லதுதான். அப்பன் வாங்கிய கடனுக்காகப் பிள்ளை ஓட்டாண்டியாக வேண்டியதில்லை. ஆனால் 'மகனின் சொந்தக் காசைத் தொடாதே' என்று சொன்ன சட்டம், 'அப்பன் காசையும் தொடாதே' என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கம்பெனி செத்தால் விளம்பரம், மனுஷன் செத்தால் கதவடைப்பு

இப்போது அதே ஊரின் கடற்கரைக்குப் போகலாம். காரைக்கால் துறைமுகத்தைப் புதுச்சேரி அரசிடம் உரிமை வாங்கிக் கட்டியது மார்க் நிறுவனம். நாளடைவில் துறைமுகக் கம்பெனி கடனில் மூழ்கியது. 2022 ஏப்ரலில் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அதைத் திவால் நடைமுறைக்குள் எடுத்துக்கொண்டது. 2023 மார்ச் கடைசியில் ஒப்புதல் கிடைத்து, ஏப்ரலில் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதைக் கைக்கொண்டது.

அந்த நடைமுறை எப்படிப்பட்டது? ஒரு கம்பெனி திவால் நடைமுறைக்குள் போனவுடன் அதற்கென ஓர் அதிகாரி நியமிக்கப்படுவார். 'இந்தக் கம்பெனி யாருக்காவது பணம் தரவேண்டுமா? ஆதாரத்தோடு எழுதிக் கொடுங்கள்' என்று அவர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பேங்குக்கு ஒரு படிவம், சரக்கு கொடுத்தவருக்கு ஒரு படிவம், தொழிலாளிக்கு ஒரு படிவம். கம்பெனியைக் கலைப்பது என்று வந்தால், 24 மாதத் தொழிலாளர் பாக்கி அடமானம் வாங்கிய பேங்குக்குச் சமமான வரிசையில் நிற்கும்.

இதனால் எல்லாருக்கும் முழுப் பணம் கிடைத்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. திவால் சட்டத்தில் சரக்கு கொடுத்த சின்ன வியாபாரி பெரும்பாலும் வரிசையின் கடைசியில் நின்று சில்லறை வாங்கிக்கொண்டு போகிறவர்தான். ஆனால் நிற்பதற்கு ஒரு வரிசையாவது இருக்கிறது. கேட்பதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலில் போய்ப் படிவம் கொடுத்தவனைப் பார்த்து 'மனசாட்சி இல்லையா' என்று யாரும் கேட்பதில்லை.

அதே திவால் சட்டம் 2016-ல் நிறைவேறும்போது தனி மனிதர்களுக்கும், ஒருவர் நடத்தும் கடைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆனால் அந்தப் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. அதாவது, பேங்க் தன் ஜாமீன்தாரரைப் பிடிக்க வசதி செய்து கொடுத்தாகிவிட்டது. ஓட்டல் மாஸ்டருக்கு அவசரம் இல்லை போலிருக்கிறது.

கர்நாடகத்தில் காபி டே அதிபர் சித்தார்த்தா 2019 ஜூலையில் இறந்தபோது என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கடன் மலை மாதிரி இருந்தது. அது கம்பெனி என்பதால் 'அவரோடு போச்சு' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெங்களூரில் இருந்த பெரிய தொழில்நுட்பப் பூங்காவை விற்றார்கள், கடனில் ஒரு பகுதியை அடைத்தார்கள். 2020 டிசம்பரில் மனைவி மாளவிகா ஹெக்டே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கணவனை அப்படி இழந்த ஒரு பெண் கடன்காரர்களுக்கு முகம் கொடுத்துப் பேச முடிந்தது. வெறும் 20,000, 30,000 ரூபாய் பாக்கிக்கு முகம் கொடுக்க முடியாது என்று கடைத்தெருவில் சொல்வதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அரசாங்கம் மட்டும் ஏமாறுவதில்லை

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வியாபாரி செத்தால் ஜி.எஸ்.டி. பாக்கி என்னவாகும்? 2017-ஆம் வருடச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு பளிச்சென்று சொல்கிறது. வாரிசு கடையைத் தொடர்ந்து நடத்தினால் அவரே வரி பாக்கிக்குப் பொறுப்பு. கடையை மூடிவிட்டால் இறந்தவர் சொத்திலிருந்து கட்ட வேண்டும். வருமான வரியிலும் சட்டப் பிரதிநிதியைப் பிடிக்க வழி உண்டு. 'அவர் வச்சிருந்த கணக்கு, எங்களுக்குத் தெரியாது' என்று வரி அலுவலகத்தில் போய் எந்த மச்சானாவது சொல்லிப் பார்க்கட்டும்!

தொழிலாளிக்கு இப்படி எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் கொடுமை. பழைய 1936-ஆம் வருடக் கூலி வழங்கல் சட்டத்திலேயே 'முதலாளி' என்ற சொல்லுக்குள் இறந்த முதலாளியின் சட்டப் பிரதிநிதியும் அடக்கம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிற 2019-ஆம் வருட ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. மூன்று வருடத்துக்குள் உரிய அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். சம்பளம் கொடுக்கவில்லை என்று மனு வந்தால், 'கொடுத்துவிட்டோம்' என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி பக்கம். அந்த முதலாளி இப்போது யார்? கல்லாவில் இருப்பவர்!

இது எத்தனை மாஸ்டர்களுக்குத் தெரியும்? அதிலும் கீழவாஞ்சூர் மாதிரி எல்லை ஊரில் இன்னொரு குழப்பம். வேலை காரைக்காலில், வீடு நாகூரில். நாகப்பட்டினத்தில் கேட்டால் 'கடை புதுச்சேரியில் இருக்கிறது, அங்கே போ' என்பார்கள். காரைக்காலுக்குப் போக ஒரு நாள் கூலி போகும். இரண்டு ஊருக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில் ஒன்றுதான். ஆனால் கீழே ஒவ்வொரு படியும் வேறு வேறு. இந்த அலைச்சலுக்குப் பயந்தே பாதிப் பேர் பாக்கியை விட்டுவிடுவார்கள் என்று வாரிசுகளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுப்புச் சொல்கிறவர்களுக்கு

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று கேள்விகள் வரும்.

ஒன்று, "துக்கத்தில் இருக்கிற வீட்டில் போய் எப்படிக் கேட்பது?" கொஞ்சம் நடந்து நாகூருக்குள் போனால் இதற்குப் பதில் கிடைக்கும். முஸ்லிம் வீடுகளில் ஜனாஸா தொழுகை நடக்கிற இடத்தில், 'இறந்தவர் யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள், நாங்கள் பொறுப்பு' என்று வீட்டார் எல்லார் முன்னாலும் சொல்வது வழக்கம். அடக்கச் செலவு, கடன், வசிய்யத், பிறகுதான் பங்கு என்பது அவர்கள் மார்க்கத்தின் வரிசை. கடன்காரன் கேட்கும் முன்பே வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்கிறார். துக்கம் அங்கே குறைந்துவிட்டதா? மரியாதை கெட்டுவிட்டதா? செத்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதையே அதுதான் என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்வதில் என்ன குறைச்சல்? எல்லா வீடுகளிலும் சொன்னபடி நடக்கிறதா என்பது வேறு விஷயம். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் பின்வாங்குவது கஷ்டம்.

இரண்டு, "செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான் என்று பொய்க்கணக்கோடு பத்துப் பேர் வருவார்களே?" வருவார்கள். கந்துவட்டிக்காரன் எழுதாத பத்திரத்தோடு வருவான். கணவனின் வியாபாரம் பற்றி ஒன்றுமே தெரியாத பெண்ணை மிரட்டிக் கையெழுத்து வாங்குவான். இது உண்மையான பயம். ஆனால் அதற்கு மருந்து கதவைச் சாத்துவது இல்லை. 'ஆதாரம் கொண்டு வா, எல்லாருக்கும் ஒரே நாளில் எழுதிக்கொள்கிறோம்' என்பதுதான். மூடிய கதவுக்கு முன்னால் கந்துவட்டிக்காரன் ஆள் வைத்துக் கத்தி வாங்கிவிடுவான். பாத்திரம் கழுவிய அம்மா திரும்பிப் போய்விடுவார். யாருக்கு நஷ்டம்?

மூன்று, "அவர் விட்டுப்போனதே கடன்தான், நாங்கள் எங்கே போவது?" சொத்தே இல்லை என்றால் கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதவையின் சொந்த நகையையும், மகனின் சொந்தச் சம்பளத்தையும் யாரும் தொட முடியாது. மனைவி மக்களின் பெயருக்கு 1874-ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி எடுத்த இன்சூரன்ஸ் பணத்தைக் கடன்காரன் கேட்க முடியாது. ஆகவே சட்டம் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பேங்க் கணக்கில் 'நாமினி' என்று பெயர் இருப்பதாலேயே பணம் முழுக்கத் தன்னுடையது என்று நினைப்பது தவறு. நாமினி வாங்கி வைத்திருப்பவர்தான், அந்தப் பணம் வாரிசுரிமைக் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சொத்து இல்லை என்பது உண்மையானால் கணக்கைக் காட்டலாமே? காட்ட மறுப்பது ஏன்?

என்ன செய்யலாம்?

புலம்புவதோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை.

1. கடை நடத்த லைசென்ஸ் வேண்டும். கீழவாஞ்சூரானால் திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து. முதலாளி இறந்து லைசென்ஸைப் பெயர் மாற்றக் கேட்டு வருகிறவர், 'பாக்கி உள்ளவர்கள் 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்' என்று கடைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியாக வேண்டும் என்று விதி கொண்டுவர வேண்டும். ஒரு பேப்பர், கொஞ்சம் பசை. அவ்வளவுதான் செலவு. இங்கிலாந்தில் இறந்தவர் சொத்தைப் பிரிக்கும் முன் கெஜட்டில் விளம்பரம் கொடுத்துக் குறைந்தது இரண்டு மாதம் காத்திருப்பது நெடுநாள் வழக்கம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 360-ஆம் பிரிவிலும் கடன்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுப்பது பற்றிப் பேச்சு இருக்கிறது. நீதிமன்றம் வரை போகும் பெரிய சொத்துகளுக்கு இருப்பது கடைத்தெருவுக்கும் இருக்கட்டும்.

2. வேலை பார்க்கிறவர்கள் வாய்க்கணக்கை நம்பக் கூடாது. சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை. தரவில்லை என்றால் செல்போனில் வரும் பணத்தின் பதிவு, 'இந்த மாசம் பாக்கி இவ்வளவு' என்று அனுப்பிய மெசேஜ், வருகை நோட்டின் போட்டோ, எதுவானாலும் சரி. முதலாளி உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும்.

3. சரக்கு கொடுக்கிறவர்கள் கையில் செக் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் இறந்தது தெரிந்தால் பேங்க் அந்தச் செக்கைத் திருப்பிவிடும். செக் மோசடி வழக்கை வாரிசுகள் மேல் போட முடியாது. ஆனால் செக் கடனுக்குச் சாட்சி. மூன்று வருடக் காலக்கெடுவுக்குள் உரிமையியல் வழக்குப் போடலாம். ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும், அதை மீட்கத் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டும்.

4. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விடவேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசலாம். பாத்திரம் கழுவிய அம்மாவுக்கு இதுதான் நேர்வழி.

இதைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் அப்பாவுக்குக் கடை இருக்கும், லாரி இருக்கும், படகு இருக்கும். இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "நம்ம கடையில யாருக்கெல்லாம் எவ்வளவு பாக்கி இருக்கு? எழுதி வச்சிருக்கீங்களா?" அபசகுனமாகப் பேசாதே என்று திட்டு விழலாம். விழட்டும். நாளைக்குக் கல்லாவில் உட்காரப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு அதுதான்.

அந்த ஓட்டலில் இப்போதும் காலையில் முதலாளி போட்டோவுக்குப் பூமாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றித்தான் கல்லாவைத் திறப்பார்கள். மாலை வாங்கப் போய்வருவது பரோட்டா மாஸ்டர். முதலாளி மேல் அவ்வளவு மரியாதை உள்ள வீட்டார், அவர் கொடுப்பதாகச் சொன்ன இரண்டரை மாதச் சம்பளத்தை முதலில் கொடுக்கட்டும். மாலையை அதற்கப்புறம் போடலாம்.